கம்பளத்தின் மேல் கம்பளம்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் விளையாட்டில் பெரிய மாளிகை ஒன்றை வாங்கி அலங்கரித்துவரும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “நீளமான கூடத்தில் ஒரு கம்பளத்தின் மேல் இன்னொரு கம்பளம் விரித்தேன். பக்கத்தில் நின்றால் ஒழுங்காக இருக்கிறது. மறுகோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் இரண்டும் வரிவரியாக மாறி மாறி மினுக்குகின்றன. கடையில் கேட்டால் கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?”

வேண்டாம். எவ்வளவு விலை கொடுத்துப் புதிய கார்டு வாங்கினாலும் இந்த மினுக்கல் தீரும் என்று யாரும் உறுதி தர முடியாது. காரணம் கார்டின் பழுதில் இல்லை. அது மாளிகையை அழகாக்க உதவும் அதே உத்தியில் இருக்கிறது.

இந்த விளையாட்டில் வீடுகள் 2017 பிப்ரவரியில் வந்தன. மிகப் பெரிய வீடுகளுக்கே அப்போது வைத்த வரம்பு 350 பொருள்கள். சந்தா கட்டுவோருக்கு 700. கேட்கப் பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் மாடி, தோட்டம், நிலவறை எல்லாம் உள்ள மாளிகை அத்தனையையும் விழுங்கிவிட்டு வெறிச்சோடி நிற்கும். ஆகவே கைதேர்ந்தவர்கள் ஒரு பொருளை வேறொன்றாக மாற்றிக்கொள்கிறார்கள். அலமாரியைச் சுவருக்குள் பாதி புதைத்தால் சுவரிலேயே செதுக்கிய மாடம். கட்டிலைத் தரைக்குள் இறக்கினால் மெத்தை மட்டும் மேலே நிற்கும் திண்ணை. பலகைகளை அடுக்கினால் இல்லாத இடத்தில் ஒரு பரண். அங்கே எந்தப் பொருளையும் எந்தப் பொருளுக்குள்ளும் நுழைக்கலாம்; ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று இருக்கக்கூடாது என்ற சட்டம் கிடையாது.

அப்படிப் புதைத்த அலமாரி சுவரைச் சந்திக்கும் கோடு எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அந்தக் கோட்டை யாரும் கணக்கிடவில்லை. அலமாரி எங்கே வெட்டுப்படுகிறது என்று கணினிக்குத் தெரியவே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண்: அங்கே இதுவரை வரைந்தவற்றில் கண்ணுக்கு மிக அருகில் உள்ளது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. அடுத்து வரும் பொருளின் எண் அதைவிட அருகில் என்றால் பழைய நிறத்தை அழித்துப் புதியதைப் பூசும். தள்ளி என்றால் விட்டுவிடும். அவ்வளவுதான் விதி. லட்சக்கணக்கான பிக்சல்களில் இந்தச் சின்ன ஒப்பீடு தனித்தனியாக நடக்க, சுவரும் அலமாரியும் வெட்டிக்கொள்ளும் கோடு தானாகவே விழுகிறது. கணினி வரைகலையில் இதைவிட எளிமையான, இதைவிட அழகான யோசனையை நான் பார்த்ததில்லை.

இதற்கு டெப்த் பஃபர் அல்லது இசட் பஃபர் என்று பெயர். 1974இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் தன் ஆய்வேட்டில் எழுதினார்; அதே ஆண்டு பெர்லினில் வொல்ஃப்காங் ஷ்ட்ராஸர் தனியாக இதையே கண்டார். ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண்ணைச் சேமிக்கும் அளவுக்கு நினைவகம் அன்று மலிவாக இல்லை. கேட்மல் பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். வரலாறு இவ்வளவு போதும்.

சிக்கல் அந்த எண்ணில் இருக்கிறது. தரையில் ஒரே அகலப் பலகைகளை நீளப் பதித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தூரம் போகப் போகத் திரையில் அவை நெருங்கித் தெரியும். ஆகவே ஒரு பிக்சலிலிருந்து அடுத்ததற்கு ஏறும்போது தரையில் கடக்கும் தொலைவு சமமாக இருப்பதில்லை. காலடியில் ஒரு விரற்கடை, கூடத்தின் கோடியில் ஒரு முழம். ஆனால் தூரத்தை அப்படியே எடுக்காமல், 1ஐத் தூரத்தால் வகுத்தால் வரும் எண் பிக்சலுக்குப் பிக்சல் சம அளவே மாறுகிறது. அதனால் சிப் ஒவ்வொரு முறையும் வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம், ஒரு கூட்டல் போதும். டெப்த் பஃபர் வழக்கமாகச் சேமிப்பது இந்தத் தலைகீழ்த் தூரத்தைத்தான்.

அதற்கு விலை உண்டு. 24 பிட் என்றால் 1,67,77,216 எண்கள். காட்சி கண்ணிலிருந்து 10 சென்டிமீட்டரில் தொடங்கி 1 கிலோமீட்டரில் முடிகிறது என்று வையுங்கள். இதைக் கல்யாணப் பந்தியாகப் பாருங்கள். அண்டாச் சோற்றில் சரிபாதியைப் பரிமாறுபவர் முதல் இலையிலேயே கொட்டிவிடுகிறார்: அது 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை. 1 மீட்டர் வருவதற்குள் 90 சதவீதம் காலி. 10 மீட்டரில் 99 சதவீதம் காலி. மிச்சமுள்ள 990 மீட்டருக்கும் ஒரே சதவீதம். முன்வரிசைக்காரர்கள் இலை வழிந்து தவிக்க, கடைசி வரிசையில் தோளோடு தோள் உட்கார்ந்த இருவருக்கும் சேர்த்து ஒரே பருக்கை விழுகிறது. இருவரும் அது தன்னுடையது என்கிறார்கள். யாருக்கு என்பது பரிமாறுபவர் எந்தப் பக்கம் சாய்ந்து போட்டார் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு பந்தியிலும் வேறு ஆளுக்குப் போகும்.

அந்த இருவர்தான் நம் வாசகியின் இரண்டு கம்பளங்கள். இந்தக் கணக்கில் 10 மீட்டர் தொலைவில் ஒரு பருக்கையின் அளவு 0.06 மில்லிமீட்டர், 30 மீட்டரில் சுமார் அரை மில்லிமீட்டர், 100 மீட்டரில் 6 மில்லிமீட்டர், 1 கிலோமீட்டரில் 60 சென்டிமீட்டர். இடைவெளி அதைவிடக் குறைந்தால் இரண்டு பரப்புகளுக்கும் ஒரே எண் கிடைக்கக்கூடும். பிறகு எது மேல் என்பதைத் தீர்மானிப்பது கணக்கின் கடைசி இலக்கத்தில் நேரும் சுருக்கல் பிழை. கேமரா இம்மி நகர்ந்தால் பிழையும் மாறும், வரிகள் ஓடும். விளையாட்டை உருவாக்கியவர்கள் தங்கள் சுவரில் ஓவியம் ஒட்டும்போது ‘இதைச் சற்று முன்னால் தள்ளி ஒப்பிடு’ என்று கார்டுக்குச் சொல்லிவைக்கலாம். நீங்கள் விரித்த இரண்டு கம்பளங்களில் எதை மேலே வைக்க நினைத்தீர்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

புதிய எஞ்சின்கள் பல இதற்கு அருமையான ஒரு வழி கண்டிருக்கின்றன. அவை தூரத்தை ஃப்ளோட்டிங் பாயிண்ட், அதாவது புள்ளி இடம் மாறும் எண்களில் சேமிக்கின்றன; அவற்றுக்குப் பூஜ்யத்தின் அருகே நெருக்கம் அதிகம். தொலைவின் கோடியை 1 என்றும் அருகை 0 என்றும் வைப்பதுதான் பழைய வழக்கம். அந்தத் திசையில் இந்த நெருக்கம் முழுவதும் மறுபடி முதல் இலைக்கே போகும். திசையைத் திருப்பி, கோடியை 0 என்று வைத்தால் இரண்டு பாரபட்சங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பந்தி சமமாகிவிடுகிறது. 1 கிலோமீட்டரில் இருந்த 60 சென்டிமீட்டர் தடுமாற்றம், கணக்குப்படி, 0.1 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்குகிறது. புதிய சிப் தேவையில்லை, ஒரு கழித்தல்தான்.

ஆனால் இரண்டு பரப்புகளும் துல்லியமாக ஒரே மட்டத்தில் கிடந்தால் இதுவும் கைகொடுக்காது. பகிர்ந்துகொள்ள அங்கே இடைவெளியே இல்லை. ரே டிரேசிங் வந்தபின் இப்படிப்பட்ட குறையெல்லாம் பழங்கதை என்று விளம்பரங்களை நம்பிச் சொல்பவர்கள் உண்டு. ஒளிக்கதிரைத் துரத்திக்கொண்டு போனாலும், ஒரே இடத்தில் கிடக்கும் இரண்டு பரப்புகளில் முதலில் பட்டது எது என்று கேட்டால் பதில் அதே கடைசி இலக்கத்துப் பிழைதான். நிஜத்தைப் போலவே இருக்கும் என்ற வாக்குறுதியை நான் நம்பாததற்கு இது ஒரு காரணம். நிஜத்தில் கட்டில் தரைக்குள் இறங்காது. இறங்க விடுவதால்தான் அந்த மாளிகைகளில் இவ்வளவு கற்பனை முளைக்கிறது.

வாசகி செய்ய வேண்டியது இதுதான். மேல் கம்பளத்தை மட்டும் தேர்ந்து, உயரத்தில் ஒரே ஒரு படி ஏற்றுங்கள். பிறகு மினுக்கல் தெரிந்த அதே மறுகோடியிலிருந்து பாருங்கள். பக்கத்தில் நின்று சோதித்துப் பயனில்லை. தீரவில்லை என்றால் இன்னொரு படி. அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு சென்டிமீட்டர் தூக்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மேல் போனால் கம்பளத்தின் கீழ் நிழல் விழுந்து அது மிதப்பது புரிந்துவிடும். பரண் பலகைகளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அங்கும் இதே வைத்தியம். பொருள்கள் எதுவும் ஒன்றையொன்று தொடாத வெற்றுச் சுவர்களும் சேர்ந்து மினுக்கினால் மட்டும் கார்டைச் சந்தேகியுங்கள்.