உச்சியில் மட்டும் ஏன் தடித்தது?



நம்ம பள்ளியில பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருத்தர் ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்ட் போறவங்கதான். என் சித்தப்பா அங்கே ஒரு சின்னப் பட்டறையில் சி.என்.சி. மில்லிங் மெஷின் ஓட்டுகிறார். போன மாதம் மூணு நாள் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. காரணம், ஒரு அலுமினியச் சுவர்!

அந்த ஜாப்பில் 30 மி.மீ. உயரத்துக்கு ஒரு சுவர் நிற்கும். கனம் 2 மி.மீ. இருக்கணும். 0.05க்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. மைக்ரோமீட்டரில் அளந்தால் அடியில் 2.00, உச்சியில் 2.12. மூணு ஜாப் ரிஜெக்ட். புதுசாக வந்த ஐ.டி.ஐ. அண்ணன்தான் ஆஃப்செட்டைத் தப்பாகப் போட்டுட்டார் என்று எல்லாரும் திட்டினார்களாம். (சித்தப்பாவும்தான்.)

ஆனால் ஆஃப்செட் தப்பு என்றால் அடியிலும் அளவு மாறியிருக்கணுமே?

பிளாஸ்டிக் ஸ்கேலை மேஜை விளிம்பில் 10 செ.மீ. நீட்டி அழுத்திப் பிடித்து, நுனியில் ஒரு சின்னப் பூட்டைத் தொங்கவிடுங்கள். அப்புறம் 20 செ.மீ. நீட்டிப் பாருங்கள். ஸ்கேலின் சொந்த எடையை விட்டுவிட்டால், நுனி இறங்குவது 2 மடங்கு இல்லை, 8 மடங்கு! கனத்தைப் பாதியாக்கினாலும் அதே 8 மடங்குதான். போதாததற்கு, அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய 3 மடங்கு வளையும்.

சுவரும் இப்படித்தான். கட்டர் தள்ளும்போது உச்சி பின்னால் சாய்ந்துகொள்கிறது. கட்டர் போனதும் நிமிர்ந்துவிடுகிறது. வெட்டுப்படாமல் தப்பித்த உலோகம்தான் அந்த 0.12.

சரி, 0.12 அதிகமாக வெட்டினால் போதும்னு நானும் நினைத்தேன். போதாது! கடைசி வெட்டுக்கு 0.5 மி.மீ. விட்டிருந்தார்கள். அதை 0.62 ஆக்கினால் கட்டருக்கு வேலை கூடுது, சுவர் இன்னும் சாயுது. நாலாவது ஜாப்பில் உச்சி 2.03 வந்தது. கணக்குப் போட்டு 0.16 கொடுத்த பிறகுதான் 2.00. அதுவும் உச்சிக்கு மட்டும். சுவரை மேலிருந்து கீழே 6 படியாகப் பிரித்து, அடியில் ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து, மேலே போகப் போகத் திருத்தத்தைக் கூட்டினார்கள்.

இன்னொரு வம்பும் உண்டு. உலோகத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் இழுவிசை, ஒரு பக்கம் செதுக்கியதும் விடுபட்டு, வைஸிலிருந்து கழற்றும்போது ஜாப்பையே வளைத்துவிடும். அதனால்தான் டி651 என்ற ரகத் தகட்டை ஆலையிலேயே கொஞ்சம் இழுத்து நீட்டி அனுப்புகிறார்கள்.

மெலிசான வேலை நம்ம ஊருக்குப் புதுசில்லை. ஓசூர் டைட்டன் 2002ல் கொண்டுவந்த எட்ஜ் கைக்கடிகாரத்தின் மொத்தக் கனமே 3.5 மி.மீ.தான்!

கணக்குப் போட்டது யார் தெரியுமா? திட்டு வாங்கிய அந்த அண்ணன்தான். மறுநாள் சித்தப்பா அவரை எங்க வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தார்.

— பிளஸ் ஒன் மாணவன்