பட்டாளத்து லாரியும் பாரம் ஏற்றும் தொழிலும்

ஆழ்வார்திருநகரிக்கு வடபுறம் தாமிரபரணி ஓடுகின்றது. தென்புறம் சில மைல் சென்றால் செம்மணல் தேரி தொடங்குகின்றது. தென்கிழக்கே ஆறுமுகநேரியின் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. ஆதலின் இவ்வூர்ப் பக்கத்தில் பாரம் ஏற்றிப் பிழைப்போன், வாழைத்தார் ஏற்ற நன்செய்ச் சேற்றிலும், கருப்பட்டி ஏற்றத் தேரி மணலிலும், உப்பு ஏற்ற அளத்துக் கரையிலும் தன் வண்டியைச் செலுத்தியாக வேண்டும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நிகழ்ந்த பெருவெள்ளத்தை இப்பகுதியார் எவரும் மறந்திலர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர் ரெயில் சுமார் எண்ணூறு பிரயாணிகளோடு நின்றுவிட்டது. அத்தகைய வெள்ளத்தைக் கண்டவர்கள், தரையினின்றும் உயர்ந்து, எல்லாச் சக்கரங்களும் இழுக்கும் பட்டாளத்து லாரி ஏலத்துக்கு வருமாயின் அதனை வாங்கினாலென்ன என்று எண்ணுவது இயல்பே. கைப்பொருள் முழுவதையும் இதில் இடத் துணியும் நம் பழைய மாணவர் சிலருக்குப் பயன்படுமாறு, அவ்வண்டியைத் தெரிந்தெடுக்கும் வகையை இங்கே ஆராய்வோம்.

இவ்வெண்ணம் புதியதன்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது இந்தியாவில் நேசப் படைகள் விட்டுச் சென்ற லாரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1946இல் அமெரிக்க அரசாங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டினால் அவர்களுடைய உபரிச் சாமான்களும் இந்திய சர்க்காரின் வசமாயின. அக்காலத்தில் வாங்குவோன் முன் நின்றவை பெரும்பாலும் இருவகை. ஒன்று அமெரிக்காவின் ஜி.எம்.சி.; ஆறு சக்கர இழுவையும், பத்து டயர்களும் உடையது. உறுதியில் அதற்கு இணை அரிது. ஆயினும் அதன் ஓட்டும் வளையம் இடப்பக்கத்தில் இருந்தது. இடப்புறமாகவே செல்லும் நம் சாலையில், முன்னே ஊர்ந்து செல்லும் மாட்டுவண்டியைக் கடக்க வேண்டுமாயின், எதிரே வருவது யாதென்று கிளீனர்தான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும்! மற்றொன்று கனடாவில் செய்யப்பட்ட போர்டும் செவர்லேயும். இவை வலப்பக்கத்து ஓட்டமுடையன. இவ்விரண்டனுள் போர்டு 95 குதிரைச் சக்தியும் செவர்லே 85 குதிரைச் சக்தியும் உடையவை. சக்தி மிகுந்ததே மேலானது என்று புதியவன் நினைப்பான். தொழிலறிந்தவனோ, எதற்கு உதிரிப்பாகம் கிடைக்கும் என்று கேட்பான். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928 முதலே பம்பாயில் தொழிற்சாலை வைத்து நடத்தினர், மதுரையில் டி.வி.எஸ். ஸ்தாபனத்தார் அவர்களுடைய வண்டிகளை விற்றும் பழுதுபார்த்தும் வந்தனர். ஆதலின் தென்னாட்டான் ஒருவனுக்குச் செவர்லேயின் பத்துக் குதிரைச் சக்திக் குறைவு ஒரு குறையே அன்று. பெட்ரோல் பங்கீட்டிலிருந்த காலம் அது. யுத்த வருஷங்களில் லாரிகள் பல கரிவாயுவினாலேயே ஓடின. வண்டி மலிவாய்க் கிடைத்தவனுக்கும் பெட்ரோல் மலிவாய்க் கிடைக்கவில்லை.

பட்டாளத்து லாரிக்கு எப்பொழுதும் இரண்டு பார அளவுகள் உண்டு என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். ஜி.எம்.சி. வண்டியை இரண்டரை டன் லாரி என்றே அழைத்தனர். அது வழியற்ற நிலத்தில் ஏற்றத்தக்க அளவு. நல்ல சாலையில் 5 டன் வரை ஏற்றலாம். இக்காலத்து அசோக் லேலண்டின் ஸ்டாலியன் வண்டிக்கும் இவ்வாறே காட்டுவழிக்கு 5 டன், சாலைக்கு 7.5 டன் என்று இரண்டு கணக்கு. வாங்குவோன் பெரிய எண்ணை மட்டும் மனத்திற்கொண்டு தேரியில் இறங்குவானாயின், விலையுயர்ந்த பல்சக்கரங்கள் சில நாளிலே பொடியாகும்.

இதனோடு சேர்ந்தது டயர்க் கணக்கு. சாதாரண லாரிக்குப் பின்னிருசில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர்கள். ஸ்டாலியன் முதலிய பட்டாளத்து வண்டிகளிலோ பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே பெரிய டயர்கள். இதற்குத் தக்க காரணம் உண்டு. முன்சக்கரம் மணலிலோ சேற்றிலோ அமுக்கிச் செய்த தடத்திலேயே பின்சக்கரமும் உருள்வதால், புதிய தடம் வெட்டும் வேலை அதற்கு இல்லை. டயரின் காற்றைச் சிறிது குறைத்தால் மணலில் அடி அகன்று மிதந்து செல்லும். தேரியில் இக்குணம் பெரிதும் உதவும். ஆனால் 2018ஆம் ஆண்டு ஜூலையில் திருத்தப்பட்ட சட்டப்படி, நான்கு டயருள்ள ஓர் இருசு 11.5 டன் வரை சுமக்கலாம். இரண்டு டயர் மட்டும் உள்ளது 7.5 டன்னே சுமக்கலாம். ஆக, பின்னிருசு ஒன்றிலேயே 4 டன் வித்தியாசம். திருநெல்வேலிக்கு நாள்தோறும் தார் ஏற்றிச் செல்வோன், அடுத்த வீட்டான் ஏற்றும் பாரத்தைக் காட்டிலும் அவ்வளவு குறைவாக ஏற்றி, அவனோடு ஒரே வாடகைக்குப் போட்டியிட வேண்டும். இது ஒரு நாளைய நஷ்டமன்று. வண்டி உள்ளளவும் தொடரும் நஷ்டம்.

எல்லாச் சக்கர இழுவை என்பதும் இலவசமாய் வருவதன்று. கியர்ப் பெட்டியின் பின்னே டிரான்ஸ்பர் கேஸ் என்னும் மற்றொரு பெட்டி உண்டு. அதனின்று ஒரு தண்டு பின்னிருசுக்கும், ஒரு தண்டு முன்னிருசுக்கும் செல்லும். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைக் காட்டிலும் சற்று நீண்ட வழி செல்கின்றன. சேற்றில் டயர் சிறிது வழுக்கி அவ்வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. ஆதலின் முன் இழுவையைச் சேர்த்தபடியே ஓட்டினால் தண்டுகள் முறுக்கேறி, டயர் தேய்ந்து, ஈற்றில் ஏதேனும் ஒன்று முறியும். சாலையில் அதனைப் பிரித்து ஓட்டவேண்டும். பிரித்தாலும் முன்னிருசின் எடையும் டிரான்ஸ்பர் கேஸின் உராய்வும் போவதில்லை. டீசல் செலவு ஆகிக்கொண்டே இருக்கும். இவ்வூரிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அத்தனையும் நல்ல சாலை. வாழைத் தோட்டத்துச் சேற்றுவழியோ பெரும்பாலும் அரை மைலைத் தாண்டாது. அரை மைலுக்காக முப்பது கிலோமீட்டர் தோறும் வரி செலுத்துவது வியாபாரியின் செயலாகுமா? டிராக்டர் ஒன்றை வாடகைக்கு அமர்த்தித் தாரைச் சாலை வரை இழுத்துவிடுதல் அதனினும் சிக்கனம் என்பது என் கருத்து.

இனி வண்டியின் வயது. படையின் எண் பலகையில் மேல்நோக்கிய ஓர் அம்புக்குறியும், அதனையடுத்து இரண்டு இலக்கங்களும் காணப்படும். அவ்விலக்கங்கள் வண்டி வாங்கப்பட்ட ஆண்டைக் குறிப்பன. ஏலத்துக்குப் போகுமுன்னே இவ்வொன்றைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும். ஜெர்மானிய மான் கம்பெனியாரின் உரிமம் பெற்று ஜபல்பூரில் 1959 முதல் செய்யப்பட்ட சக்திமான் 1996இல் நின்றுபோயிற்று. மலைப்பாதைகளில் பெயர் பெற்ற வண்டி அது. ஆயினும் அதன் பாகங்களை இன்று தேடி அலைய வேண்டும். ஸ்டாலியனுக்கு அக்குறை இல்லை. எஞ்சின் பாகங்களை லேலண்டு லாரிகளைப் பார்க்கும் எந்தப் பட்டறை மேஸ்திரியும் அறிவான். ஆனால் முன்னிருசையும் டிரான்ஸ்பர் கேஸையும் அவன் அறிவானா என்று தனியே கேட்டுக்கொள்க.

ஓடிய கிலோமீட்டர் குறைவு என்று விற்போர் சொல்வது பெரும்பாலும் மெய்யே. பட்டாளத்து வண்டிகள் பலகாலம் கொட்டகையில் நிற்பன. நின்ற வண்டியில் இரும்பு தேயாது, ரப்பர் கெடும். பிரேக் சிலிண்டர் வாஷர்கள், ஆயில் சீல்கள், குழாய்கள், டயரின் பக்கச்சுவர் யாவும் வெடித்து இறுகியிருக்கும். இருசின் ஆயிலைச் சிறிது வடித்துப் பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால், வண்டி எங்கோ ஆழ்ந்த நீரில் இறங்கித் தண்ணீர் உள்ளே புகுந்ததென்று அறிக. முன்சக்கரம் திரும்பும் மூட்டின் உருண்டையில் ஆயில் கசிகின்றதா, டிரான்ஸ்பர் கியர் ஏற்றத்தில் தானே கழன்று விழுகின்றதா, சேஸிஸின் குறுக்குச் சட்டங்களில் வெடிப்பு உண்டா என்பவற்றையும் நோக்குக. இரு துண்டாகப் பிளந்து போல்ட்டினால் இணைத்த ரிம் உள்ள பழைய வண்டிகளில், டயரில் காற்றிருக்கும்போதே அந்தப் போல்ட்டைக் கழற்றினால் ரிம் வெடித்துத் தெறித்து ஆளைக் கொல்லும். முதலிற் காற்றை முற்றிலும் இறக்கிவிட்டே தொடவேண்டும். சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் நட்டு வேறு, இந்தப் போல்ட்டு வேறு என்பதைப் பட்டறைப் பையனுக்குக் காட்டிக்கொடுத்த பின்னரே ஸ்பானரை அவன் கையிற் கொடுக்கலாம்.

இவையெல்லாம் நலமாயிருப்பினும் காகிதம் சரியில்லையேல் வண்டி வெறும் இரும்பே. படைக் கழிவுகளை இப்போது பெரும்பாலும் 1964இல் நிறுவப்பட்ட எம்.எஸ்.டி.சி. என்னும் அரசாங்க ஸ்தாபனத்தின் மூலம் கணினி வழியே ஏலம் விடுகின்றனர். உள்ளது உள்ளபடி, உள்ள இடத்திலே என்பது நிபந்தனை. பின்னர் வழக்காட இடமில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி படை வண்டிகள் தனியே பதிவு பெற்றவை. குடிமகன் கைக்கு வந்ததும் மற்ற வண்டிகளைப்போல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற் பதிவு செய்யப்பட வேண்டும். 2023 ஏப்ரல் முதல் 15 வயது கடந்த சர்க்கார் வண்டிகளின் பதிவைப் புதுப்பித்தல் இல்லை. அவற்றை உடைத்துவிட வேண்டும். நாட்டின் பாதுகாப்புக்கான விசேஷ வண்டிகளுக்கே விலக்கு உண்டு. ஆகவே ஏலப் பட்டியலிலுள்ள வண்டி ஓட்டுவதற்கு விற்கப்படுகின்றதா, உடைப்பதற்கு விற்கப்படுகின்றதா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்திற் பெற்றுக்கொள்ள வேண்டும். உடைப்பதற்கென விற்றதை மலிவென்று வாங்கி, சாலையில் ஓட்டவும் இயலாமல், வாங்கிய விலைக்கு விற்கவும் இயலாமல் தவிப்பவன் நிலை இரங்கத்தக்கது.

அப்படியாயின் யார்தான் இதை வாங்கலாம்? தேரிக்குள்ளிருந்தே சரக்கெடுப்பவன் வாங்கலாம். மழைக்காலத்தில் உப்பளத்துக் கரைவழியைத் தவிர வேறு வழியற்றவன் வாங்கலாம். மணலில் கிணறு தோண்டும் யந்திரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ கொண்டுசெல்பவன் வாங்கலாம். இவர்களுக்கு டன் கணக்கைவிடப் போய்ச் சேருவதே பெரிது; வாடகையும் அதற்குத் தக்கவாறு பேசிக்கொள்வர். சாலையோரத்துச் சரக்கை ஊருக்கு ஊர் கொண்டுபோவோன் பழகிய இருசக்கர இழுவை லாரியையே, பழையதாயினும், நாடுவது நலம். வெள்ளம் எப்போதோ வருகின்றது; கடன் தவணை மாதந்தோறும் வருகின்றது.

வாங்கியவர் முதலில் செய்யவேண்டுவது ஆயில்கள் யாவற்றையும் மாற்றுதலும், பிரேக்கின் ரப்பர்களைப் புதுப்பித்தலுமாம். பச்சை வர்ணம் அழகாயிருக்கின்றதென்று அப்படியே விட்டுவிடலாகாது. பட்டாளத்தின் ஆலிவ் பச்சையைப் பாதுகாப்பு இலாகாவின் வண்டிகளுக்கன்றி வேறெவற்றுக்கும் பூசலாகாதென்பது மத்திய மோட்டார் வாகன விதி. பதிவுக்குக் கொண்டுபோகுமுன் வேறு வர்ணம் அடித்துவிடுக.