எழுந்து நிற்கும் வலிமை



நமது பள்ளிவாசல்களில் தொழுகை வரிசைகளின் ஓரங்களைக் கவனித்திருப்பீர்கள். முன்பு ஒன்றிரண்டு நாற்காலிகள் கிடந்த இடத்தில், இன்று பல ஊர்களில் நாற்காலிகளே ஒரு வரிசையாகிவிட்டன. நோயுற்றோருக்கு மார்க்கம் தாராளமாகச் சலுகை அளித்துள்ளது. மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே நாற்காலியில் தொழுபவரைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் பெரிய நோய் எதுவுமில்லாத ஒருவர், ஐம்பது வயதிலேயே ஸஜ்தாவிலிருந்து எழக் காலில் வலுவின்றி நாற்காலியை நாடினால், அது சிந்திக்க வேண்டிய செய்தி.

இதைப் பிறருக்காக மட்டும் நான் எழுதவில்லை. நாள் முழுவதும் தரையில் அமர்ந்து பாடம் நடத்துபவன் நான். சென்ற ஆண்டு ஒரு நாள் பாடம் முடிந்து எழும்போது, கையூன்ற இடம் தேடினேன். ஒரு சிறுவன் ஓடி வந்து கைகொடுத்தான். அவன் அன்பு மகிழ்ச்சி தந்தது. என் நிலை கவலை தந்தது.

கிணறும் அம்மியும் போன பின்

நம் அத்தாமார்களும் அம்மாமார்களும் உடற்பயிற்சி என்ற சொல்லையே அறியாதவர்கள். ஆனால் கயிறு பிடித்துக் கிணற்றில் நீர் இறைத்தார்கள், அம்மியில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், குழித்தறியில் கால் மிதித்து நெய்தார்கள். அவர்களுடைய தசைகள் நாள்தோறும் ஏதேனும் ஒரு பாரத்தை எதிர்த்து வேலை செய்தன. இன்று மோட்டாரும் மிக்சியும் விசைத்தறியும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. சேலத்துக் கடைக்காரர் கல்லாவிலும், நாமக்கல் லாரி ஓட்டுநர் தம் இருக்கையிலும் பொழுதைக் கழிக்கிறார்கள்.

முப்பது வயதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்றும், அறுபதுக்குப் பின் அந்த வேகம் கூடுகிறது என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இத்தேய்வுக்கு 1989இல் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க அறிஞர் ‘சார்கோபீனியா’ எனப் பெயரிட்டார். இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பெருமளவு உள்வாங்குவது தசைதான் என்பதால், தசை தேய்வது நீரிழிவுக்கும் வழி திறக்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது.

“இந்த வயதில் இனி என்ன பயிற்சி?” என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், தொண்ணூறு வயதை ஒட்டிய 10 முதியோருக்குக் காலால் பாரம் உயர்த்தும் பயிற்சி அளித்த ஆய்வு 1990இல் வெளியானது. 8 வாரங்களை நிறைவு செய்த 9 பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் பெருகியது. இருவர் கைத்தடியையே விட்டுவிட்டனர். தொண்ணூறில் இயலுமெனில் ஐம்பத்தைந்தில் இயலாதா?

தொழுகையும் நடையும் போதாவா?

தொழுகை வணக்கம், அதை உடற்பயிற்சியாகச் சுருக்குவது முறையன்று. அதில் உடல் அசைகிறது என்பது உண்மையே. ஆயினும் தசை வளர, பாரம் படிப்படியாகக் கூட வேண்டும். காலை நடை இதயத்துக்கு மிக நல்லது. ஆனால் கை, தோள், முதுகுக்கு அதில் வேலை குறைவு. எனவேதான் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, எல்லா முக்கியத் தசைகளுக்கும் வாரத்தில் குறைந்தது 2 நாள் வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்றது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கருவி விற்பவர் காட்டும் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் வாழ்க்கை உங்கள் உடலிடம் எதைக் கேட்கிறதோ, அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எழுவது, தள்ளுவது, இழுப்பது, தூக்கிச் செல்வது என்னும் நான்கும் அதில் அடங்க வேண்டும்.

முதலாவது, நாற்காலியிலிருந்து எழுதல். உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டி, மெதுவாக எழுந்து மெதுவாக அமருங்கள். கடினமாயின் இருக்கையில் ஒரு தலையணை இட்டு உயர்த்துங்கள். நம் முன்னோரின் பஸ்கிக்கு இது முதற்படி.

இரண்டாவது, சுவர்த் தண்டால். ஓரடி, இரண்டடி தள்ளி நின்று, சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கையை மடக்கி நிமிருங்கள். எளிதானபின் சமையல் மேடையில் கையூன்றிச் செய்யலாம். தரைக்கு வர அவசரம் வேண்டாம்.

மூன்றாவது, இழுத்தல். ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் ஒரு பையை இடுப்பு வரை இழுத்து உயர்த்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் நிரம்பிய பாட்டில் ஏறத்தாழ ஒரு கிலோ. பையில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொள்ளலாம்.

நான்காவது, பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை உயர்த்தி இறக்குதல். ஐந்தாவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குதல். இறுதியாக, இரு கைகளிலும் சம எடைப் பைகளை ஏந்தி, நிமிர்ந்து வீட்டுக்குள்ளேயே நடத்தல்.

நடையைத் தவிர, ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை செய்யுங்கள். முதல் இரு வாரம் ஒரு சுற்று போதும், பின்னர் இரண்டு. வாரத்தில் 2 அல்லது 3 நாள். இடையே ஒரு நாளாவது ஓய்வு. ஒரு சுற்று முடியும்போது இன்னும் இரண்டு மூன்று முறை செய்யலாம் என்ற தெம்பு மீதமிருப்பதே சரியான அளவு. 12 முறை எளிதாகிவிட்டால் பாரத்தைச் சிறிது கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள், அது இரத்த அழுத்தத்தை உயர்த்தும்.

மல்லர் காமா ஏறத்தாழ ஐம்பது வயதில், 1928இல் பாட்டியாலாவில் ஸ்பிஸ்கோவை வீழ்த்தினார். ஆனால் அவர் பாலப் பருவம் முதல் தண்டாலும் பஸ்கியும் எடுத்துப் பழகியவர். அவர் கணக்கைப் புதியவர் பின்பற்றினால் மூட்டுதான் முறியும்.

எச்சரிக்கைகள்

இதய நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், குடலிறக்கம், நீரிழிவால் கண் பாதிப்பு ஆகியவை உள்ளோரும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். இன்சுலின் போடுவோர் சில பேரீச்சம்பழங்களை அருகில் வைத்திருங்கள். தசையில் ஓரிரு நாள் மந்தமான வலி இயல்பு. மூட்டில் குத்தும் வலி, நெஞ்சு வலி, மயக்கம் வந்தால் உடனே நிறுத்துங்கள். நம் சமவெளியின் சித்திரை வெயிலில் சுப்ஹுக்குப் பின் செய்வதே நலம். ரமலானில் இஃப்தாருக்குப் பின் சற்று ஓய்ந்து, குறைந்த அளவில் செய்யலாம்.

உணவும் முக்கியம். சேலத்து ஜவ்வரிசி ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து. நாமக்கல் முட்டை ஒன்றிலோ சுமார் 6 கிராம் புரதம் உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் இந்தியப் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். பருப்பு, சுண்டல், மீன், முட்டை ஆகியவற்றால் இதை நிரப்பலாம். சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவில் நிற்க வேண்டும்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மாதவிடாய் நின்றபின் எலும்பு விரைந்து தேய்கிறது; பாரம் ஏற்கும் பயிற்சி அத்தேய்வை எதிர்த்து நிற்க உதவும். இதற்காக எங்கும் செல்ல வேண்டியதில்லை. வீட்டு அறை போதும். ஆண்கள் பகலில் ஒரு கால் மணி நேரம் அவர்களை வேலையிலிருந்து விடுவியுங்கள், அதுவும் நன்மையே.

பாஸ்டன் முதியோர் பயிற்சியை நிறுத்தியபோது, 4 வாரத்தில் பெற்ற வலிமையில் பெரும் இறக்கம் கண்டனர். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்றும் அண்ணலார் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம்.

பத்து மாதமாக இதைச் செய்து வருகிறேன். என் தோள்கள் அகலவில்லை. வயிறும் முழுவதாகக் கரையவில்லை. ஆனால் பாடம் முடிந்ததும் கையூன்றாமல் எழுகிறேன். அந்தச் சிறுவன் இப்போது எனக்காக ஓடி வருவதில்லை. இன்று அஸருக்குப் பின் ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வாசகரே! அதில் அமர்வதற்காக அன்று, அதிலிருந்து எழுவதற்காக.