உங்களுக்குத் தெரியுமா? கொழும்பில் வங்கத்தின் தடம்
வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் திரும்பினால் இராமகிருஷ்ண வீதி. கொட்டாஞ்சேனையில் விவேகானந்த மேடு. இந்தப் பெயர்கள் சும்மா வந்தவை அல்ல. மேலை நாடுகளிலிருந்து திரும்பிய, இராமகிருஷ்ணரின் சீடரான வங்கத் துறவி விவேகானந்தர் 1897 ஜனவரி 15இல் வந்திறங்கியது கொழும்பில்தான். மறுநாள் புளோரல் ஹோலில் பேசினார். அவர் மறைந்த 1902இலேயே இங்கு விவேகானந்த சபை உருவாயிற்று.

கொழும்பும் வங்கத்துக்கு ஒருவரைக் கொடுத்தது. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877இல் இங்கே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரோடு நெருங்கிப் பழகியவர். இந்து, பௌத்த புராணக் கதைகளை எழுதிவந்த, விவேகானந்தரின் சீடரான சகோதரி நிவேதிதை, நூல் முடியுமுன்னே 1911இல் காலமானார். மீதியை எழுதி முடித்தவர் குமாரசுவாமி. 1913இல் வெளிவந்த அந்த நூலில் அபனீந்திரநாத் தாகூரின் மேற்பார்வையில் தீட்டிய 32 வண்ண ஓவியங்கள்; நந்தலால் போஸின் தூரிகையும் அவற்றில் உண்டு.

ரவீந்திரநாத் தாகூர் மூன்று முறை இலங்கை வந்தார். 1934இல் அவரது நாட்டிய நாடகம் கொழும்பு றீகல் அரங்கில் மேடையேறியது. அதே ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி, ஹொரணையில் ஸ்ரீபாலி கலைக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார்.