படம் லேசு, எழுத்துத்தான் கஷ்டம்

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், கபோவில் எங்கள் வீட்டுக் குசினி ஜன்னலைத் திறந்தால் சந்தை முழுவதும் உள்ளே வந்துவிடும். மீன்காரரின் கூவலை முப்பது வருடமாகக் கேட்கிறேன், இன்னும் பாதிதான் விளங்குகிறது. போன வியாழன் பின்னேரம் அந்த ஜன்னலோரம் வந்து இருந்தாள் எதிர்வீட்டுப் பிள்ளை. பலெர்மோவிலேயே பிறந்து இங்கேயே பல்கலைக்கழகத்தில் படிப்பவள். தேத்தண்ணியை ஒரு வாய் குடித்ததும் விஷயத்துக்கு வந்தாள்.

"மாமா, மாசத்தில ஒரு நாள் படம் போடுவமே? எங்கட ஆக்களும் கீழ்வீட்டு இத்தாலிய ஆக்களும் ஒண்டா இருந்து பாக்கட்டும். அம்மாவைக்கும் இத்தாலியன் வரும், அவைக்கும் எங்களைத் தெரியும்."

"நல்ல யோசினை. படம் போடுறது லேசு பிள்ளை. கீழ ஓடுற எழுத்து என்ன மொழியில ஓடும்?"

"இத்தாலியன்ல."

"ஆருக்கு?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். அந்த ஒரு கேள்வியில் அன்றைக்கு மூன்று தேத்தண்ணி போனது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

எண்பதுகளில் ஊரில் யாராவது வீட்டில் டெக்கும் ரீவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்தால் இரவிரவாக மூன்று படம் ஓடும். முற்றத்தில் பாய், பின்னால் வாங்கு, மதிலில் பொடியள். கதை விளங்காதவர் என்று அங்கே ஒருவரும் இல்லை. அதே நினைப்பில் பலெர்மோவில் ஒருமுறை ஒரு தமிழ்ப் படம் போட்டோம். அயலில் உள்ள இத்தாலியரையும் கூப்பிட்டோம். இரண்டே முக்கால் மணிநேரப் படம், சப்டைட்டில் கிடையாது. வந்த நான்கு பேரில் ஒருவர் தூங்கிவிட்டார், இருவர் முதல் பாட்டோடு எழும்பினார்கள். நான்காமவர் கடைசிவரை இருந்தது றோல்ஸுக்காக. அன்றைக்கு யாரும் யாருடைய மொழியிலும் ஒரு சொல் கற்கவில்லை. பிழை முழுக்க எங்களுடையது.

இத்தாலியர் பக்கத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. இவர்களுக்குப் படம் என்றால் குரல் மாற்றிய படம். 1930இல் முசோலினி அரசு, படங்களில் அந்நிய மொழிப் பேச்சே கேட்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. பிறகு குரல் மாற்றுவது பெரிய தொழிலாக வளர்ந்தது. ஆட்சி போனது, பழக்கம் போகவில்லை. பேர்பெற்ற அமெரிக்க நடிகர் பலருக்கு இங்கே வழக்கமாக ஒரு இத்தாலியக் குரல் உண்டு. ஆகவே வயதான பலெர்மோக்காரர் ஒருவரை வாசித்துக்கொண்டே படம் பார்க்கச் சொல்வது சின்ன வேலை இல்லை. நாங்களும் அப்படித்தான்: தமிழ்ப் படத்தைத் தமிழிலேயே பார்த்து வளர்ந்தவர்கள், எழுத்துத் தேவைப்படவில்லை. இரண்டு பக்கமும் மற்றவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டிய தேவையே வராமல் வாழ்ந்துவிட்டோம்.

இனி "ஆருக்கு" என்பதற்கு வருகிறேன். 2009இல் நெதர்லாந்தின் நைமேகனில் இருந்த மிற்றரர், மக்குவீன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலம் தெரிந்த டச்சு மாணவர்களுக்கு, விளங்கக் கஷ்டமான ஸ்கொட்லாந்து உச்சரிப்பிலும் அவுஸ்திரேலிய உச்சரிப்பிலும் பேசும் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு ஆங்கில எழுத்து, சிலருக்கு டச்சு எழுத்து, சிலருக்கு ஒன்றுமில்லை. பிறகு அதே உச்சரிப்பில் புது வசனங்களைக் கேட்கவைத்தபோது, ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்களின் காதுதான் நன்றாகப் பழகியிருந்தது. சொந்த மொழி எழுத்தோடு பார்த்தவர்கள் எழுத்தே இல்லாமல் பார்த்தவர்களைவிடவும் பின்தங்கினார்கள். கதை விளங்கியது, காது பழகவில்லை.

கபோவில் இருப்பவனுக்கு இது சும்மா ஆய்வு இல்லை. பிள்ளையின் அம்மா இருபது வருடம் வீடுகளில் வேலை செய்து காதால் படித்தது சிசிலியன்: அமுனி என்றால் போவோம், தலியா என்றால் பார். ஆனால் நீண்டகால வதிவிட அனுமதிக்கு 2010இலிருந்து A2 மட்டத்து மொழிச் சோதனை. குடியுரிமைக்கு 2018இலிருந்து B1. இரண்டிலும் கேட்பது பாடப்புத்தக இத்தாலியன். சந்தையில் ஒரு மொழி, சோதனைத் தாளில் இன்னொரு மொழி. அவருக்கு இத்தாலியப் படத்தை இத்தாலிய எழுத்தோடுதான் போடவேண்டும். தமிழ் எழுத்துப் போட்டால் அழுது சிரித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார், அவ்வளவுதான்.

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. விஸ்கொந்தி 1948இல் எடுத்த 'லா தெர்ரா த்ரேமா'வில் அச்சி த்ரெட்சா மீனவர்களே நடித்தார்கள், தங்கள் பேச்சிலேயே பேசினார்கள். மற்ற இத்தாலியருக்கு அது பிடிபடாததால் பின்னணியில் இத்தாலியனில் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. இந்தச் சிசிலியன் பேச்சில் எங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. இத்தாலியனில் பெல்லோ என்பது சிசிலியனில் பெட்டு. அந்த டகரத்தை 'வண்டு' என்பதில் வருவதுபோல மெதுவாக, ஆனால் அழுத்திச் சொல்லவேண்டும். குழந்தைக்குப் பிச்சிரிட்டு. நாக்கை மேலே வளைத்துச் சொல்லும் இந்த ஒலி வடக்கு இத்தாலியருக்கு எளிதில் வராது. எங்கள் நாக்கு அதற்கென்றே வளைந்தது.

பிள்ளையின் தம்பிக்கு நோய் வேறு, மருந்தும் வேறு. அவனுக்கு இத்தாலியன் தண்ணீர்பட்டபாடு, தமிழ் பேசுவான், வாசிக்கத்தான் திணறுவான். அவனுக்குத் தமிழ்ப் படத்தைத் தமிழ் எழுத்தோடு காட்டவேண்டும். தமிழ்ப் படத்துக்கு ஏன் தமிழ் எழுத்து என்று சிரிக்கவேண்டாம். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பிரிஜ் கோத்தாரி தொண்ணூறுகளில் தொடங்கிய வேலையே அதுதான். தூரதர்ஷன் சினிமாப் பாட்டுக்குக் கீழே அதே மொழியில் பாட்டு வரிகளை ஓடவிட்டார்கள். அரைகுறையாக வாசிக்கத் தெரிந்தவர்கள், பாட்டு வாயில் இருப்பதால், எழுத்தைத் துரத்திக்கொண்டு போய் வாசிக்கப் பழகினார்கள்.

"அப்ப ரெண்டு மொழியையும் ஒண்டுக்குக் கீழ ஒண்டாப் போட்டா?" என்றாள்.

போடலாம். திரையில் பாதியை எழுத்து மறைக்கும். சப்டைட்டில் என்றால் இரண்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்தளவு. தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு அதுவே இறுக்கம். என் கட்சி வேறு: ஒரு படத்தை முழுதாகப் போடாதே, பன்னிரண்டு நிமிடத்தை மூன்றுதரம் போடு. முதலில் எழுத்தில்லாமல், பிறகு எழுத்தோடு, திரும்பவும் எழுத்தில்லாமல். மூன்றாந்தரம் பார்க்கும்போது முன்வரிசையில் யாராவது "ஓ, அதுவே சொன்னவன்!" என்பார்கள். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

என்ன படம் என்பதற்கு அவள் ஒரு பட்டியலோடு வந்திருந்தாள். முதலில் 'சினேமா பாரதீசோ'. எடுத்த தொர்னத்தோரே பக்கத்துப் பகெரியாக்காரர், சதுக்கத்து வீட்டுச் சுவரில் படம் விழும் காட்சி வேறு இருக்கிறது. படம்போடும் கூட்டத்தில் அந்தக் காட்சியைக் காட்ட ஆசைப்படாதவர் உலகத்தில் இல்லை. அதற்குப் பிறகு 'தீபன்'. எங்கள் பேச்சுத் தமிழிலேயே பெரும்பகுதி ஓடி, 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதை எடுத்த படம். புது நாட்டு மொழியைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதலில் பிடிக்க, பெரியவர்கள் பின்னால் தடுமாறுகிற கதை. நான் ஒன்று சேர்த்தேன்: 'பொன்மணி', 1977. யாழ்ப்பாணத்துக் குடும்பக் கதையைத் தமிழில் எடுத்த தர்மசேன பத்திராஜ ஒரு சிங்களவர். பலெர்மோவில் சிங்களவரும் இருக்கிறார்கள். அவர்களையும் கூப்பிட ஒரு சாட்டு.

எல்லாம் நல்ல படங்கள். முதல் மாதத்துக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன்.

ஒரு காரணம் சட்டம். இலவசமாகக் காட்டினாலும், வீட்டுக்கு வெளியே பத்துப்பேரைக் கூட்டிக் காட்டினால் அது பொதுக்காட்சி. 1941ஆம் ஆண்டின் 633ஆம் இலக்கப் பதிப்புரிமைச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. உரிமைக்காரரின் அனுமதி வேண்டும், இசைக்குச் சியாயே (SIAE) என்ற உரிமைச் சங்கத்தையும் கேட்கவேண்டி வரலாம். வீட்டில் மாதச் சந்தா கட்டிப் பார்க்கிற கணக்கை மண்டபத்தில் திறப்பதும் பிழை. சின்னப் படக்காரர்களுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினால் பலர் சம்மதிப்பார்கள், ஆனால் அதற்கு நாள் எடுக்கும்.

"அப்ப என்னத்தைப் போடுறது?"

"உங்கட அம்மான்ர கலியாண வீடியோ."

அவள் சிரித்ததில் தேத்தண்ணி புரைக்கேறியது. நான் பகிடிக்குச் சொல்லவில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு கசெற் கிடக்கிறது. அதில் எங்கள் உண்மையான பேச்சு இருக்கிறது: வாங்கோ, இருங்கோ, சாப்பிட்டியளே, ஆற்றை மகன். மொழி படிக்கத் தொடங்குகிறவனுக்கு முதல் வேண்டியது இந்தச் சொற்கள்தான். சின்னோரா என்று நாங்கள் கூப்பிடும் கீழ்வீட்டு இத்தாலிய அம்மாவுக்கு எங்கள் சினிமா நாயகனைப் பற்றிக் கவலையில்லை, தினம் படியில் காண்கிற பெண் மணவறையில் எப்படி இருந்தாள் என்று பார்க்க ஓடிவருவார். வீடியோவில் இருக்கிறவர்களிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளவேண்டும். வீடியோக்காரர் மேலே ஏற்றிவிட்ட சினிமாப் பாட்டுகளை, சட்டத்துக்கும் காதுக்கும் நன்மையாக, அமத்திவிடவேண்டும். வீட்டுப் படம் என்று இளப்பமாக நினைக்கவும் தேவையில்லை. பொலோஞ்ஞாவில் இப்படிக் குடும்பப் படச்சுருள்களைச் சேர்த்துக் காக்கவென்றே ஒரு தேசிய ஆவணக்காப்பகம் இருக்கிறது.

அடுத்த மாதம் அவர்கள் முறை. செப்ரெம்பர் 4இல் நகரத்துப் புனிதை சாந்தா ரொசாலியாவைத் தேடி மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏறுவதை யாராவது எடுத்து வைத்திருப்பார்கள். அதே மலையில் எங்கள் சைவரும் கத்தோலிக்கரும் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். ஒருவருடைய பழைய வீடியோவில் மற்றவர் தலை தெரிந்தாலும் ஆச்சரியமில்லை.

மூன்றாம் மாதத்துக்கு வித்தோரியோ தெ சேத்தா. 1923இல் பலெர்மோவில் பிறந்தவர். சீசா பக்கம் பழைய துக்ரோ தளபாடத் தொழிற்சாலை கலை வளாகமாக மாறியிருக்கிறதே, அங்கே உள்ள திரையரங்குக்கு இவர் பெயர்தான். ஐம்பதுகளில் வாள்மீன் பிடிப்பவர்களையும் கந்தகச் சுரங்கத் தொழிலாளரையும் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக எடுத்தார், விளக்கக் குரலே இல்லாமல். கடலும் கூவலும் பாட்டும்தான் சத்தம். அதைப் போட்டுவிட்டு ஒரு இத்தாலியரைத் தமிழிலும் எங்கள் ஆள் ஒருவரை இத்தாலியனிலும் நேர்முக வர்ணனை சொல்லவிட்டால், சிரிப்பில் கூரை பறக்கும். வடமராட்சிக் கடற்கரையில் வளர்ந்தவருக்கு வலை இழுப்பதை விளக்கவும் வேண்டாம், சொல்தான் வேண்டும். பல மொழிப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது இந்த நகரத்துக்குப் புதிதும் அல்ல. 'சோலே லூனா' ஆவணப்பட விழா 2006இலிருந்து அதைத்தான் செய்கிறது. அது பெரிய பந்தல், இது எங்கள் திண்ணை.

நாள், ஞாயிறு அல்லது வியாழன். வீட்டோடு தங்கி வேலை செய்பவருக்குக் கிழமைக்கு 36 மணிநேர ஓய்வு: ஞாயிறு முழுநாள், இன்னொரு நாளில் அரைநாள். அந்த அரைநாள் வழக்கத்தில் வியாழன் பின்னேரம். வெள்ளி இரவு வைத்தால் வரவேண்டிய அம்மாமார்தான் வரமுடியாது. யூலையில் வெளியில் போடுவதானால் இரவு ஒன்பதுக்கு முன் சுவர் இருட்டாது. சாப்பாட்டுக்கு எங்கள் றோல்ஸும், அரஞ்சினா என்ற அவர்களின் சோற்றுருண்டையும். இரண்டும் பாண்தூளில் புரட்டிப் பொரிப்பவை, இரண்டையும் செய்தவர்களே பெயர் சொல்லிக் கொடுக்கட்டும். பலெர்மோவில் அது பெண்பால், அரஞ்சினா. கத்தானியாவில் போல அரஞ்சினோ என்று வாய் தவறினால் படம் தொடங்கவே விடமாட்டார்கள்.

இனி எழுத்து. சப்டைட்டில் கோப்பு ஒன்றும் மந்திரமில்லை. ஒரு இலக்கம், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், கீழே வசனம். சாதாரண எழுது செயலியிலேயே அடிக்கலாம். சேமிக்கும்போது யூனிகோட்டில் சேமிக்காவிட்டால் தமிழ் எல்லாம் சிதைந்து வரும். இந்த வேலையை ஒருத்தி தனியே இரவில் இருந்து செய்யக்கூடாது என்பதுதான் நான் வைத்த ஒரே நிபந்தனை. ஒரு தமிழ் ஆளும் ஒரு இத்தாலிய ஆளும் ஒரே மேசையில். படம் பார்க்க வருகிறவர்கள் பத்துச் சொல் கற்பார்கள். இந்த இருவரும் மொழி கற்பார்கள்.

அன்றே தொடங்கிப் பார்த்தோம். அவள் அம்மாவின் கலியாண வீடியோவைக் கணினியில் திறந்தாள், கீழ்வீட்டுச் சின்னோராவைக் கூப்பிட்டோம். பதின்மூன்று வரி ஒரு மணிநேரத்தில் ஓடியது. பதினான்காவதில் அவளுடைய அம்மப்பா புது மருமகனைப் பார்த்துச் சொல்கிறார்: "இரும் தம்பி." இரண்டு விநாடி.

இத்தாலியனில் நீக்கு தூ, நீங்களுக்கு லேய். சியேதிதி என்றால் இரு, சி சியேதா என்றால் இருங்கோ. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் எங்கள் 'நீர்' எங்கே போவது? தெற்கில் வயதானவர்கள் மரியாதைக்கு வோய் என்பதுண்டு, அதைப் போடுவோமா என்றேன். சின்னோரா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யார் யாருக்குச் சொல்கிறார் என்று கேட்டார். மாமனார் மருமகனுக்கு.

"மருமகனுக்கா? தூ போதும். மருமகன்தான் மாமனாருக்கு மரியாதை சொல்லவேண்டும்."

"எங்கட ஆக்களிட்ட அப்பிடிச் சொன்னா அண்டைக்கே சண்டை வரும்" என்று பிள்ளை இத்தாலியனில் சொன்னாள்.

சின்னோரா இரண்டாந்தரம் போடச் சொன்னார். கிழவர் கதிரையைக் காட்டுகிற கையைப் பார்த்தார். அந்தக் கைக்குத் தூ பொருந்தாது என்று ஒத்துக்கொண்டார். பிறகு தன் அம்மா, மரியாதையான ஆள் வந்தால் சொல்வாராம் என்று ஒரு சிசிலியன் சொல்லைச் சொன்னார்: சஸித்தாஸ்ஸி. எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் கண்டதில்லை. ஆனால் அது மிகவும் பெரிய மரியாதை, சொந்த மருமகனுக்குச் சொன்னால் குத்திக்காட்டுவதுபோல இருக்கும் என்றும் அவரே சொன்னார்.

மூன்று பேரும் அதிலேயே நின்றோம். வெளியில் சந்தைக்காரர் தகரக்கதவை இழுத்து மூடினார்கள். கோப்பில் 14ஆவது வரி, மூன்று நிமிடம் இருபத்தேழாவது விநாடியில், இப்போதைக்கு ஒரு கேள்விக்குறி இருக்கிறது. வருகிற வியாழன் தன் அக்காவையும் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சின்னோரா படியிறங்கினார்.