கொடை விழா மேடையில் 'ஹாரி பாட்டர்' பேண்ட்... வக்கீல் நோட்டீஸ் வருமா?

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் கொடை விழா என்றால் வில்லுப்பாட்டு, கரகாட்டத்தோடு இன்னிசைக் கச்சேரிக்கும் ஓர் இரவு உண்டு. விழா நோட்டீஸில் அம்மன் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் வருவது குழுவின் பெயர். 'போன வருஷம் வந்தாங்களே, அந்த செட்டையே கூப்பிடுங்க' என்று பக்கத்து ஊர்க்காரர்கள் அட்வான்ஸ் கொடுப்பதும் அந்தப் பெயரை நம்பித்தான். பாடகர் மாறலாம், கீபோர்டு வாசிப்பவர் மாறலாம். பெயர் மாறினால் மட்டும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சாமி பெயர், ராகத்தின் பெயர் என்று வைத்த காலம் போய், இன்று பேண்ட் தொடங்கும் இளைஞர்களின் மனசு கதாபாத்திரங்கள் பக்கம் போகிறது. வந்தியத்தேவன், கப்பர் சிங், ஹாரி பாட்டர்... கேட்டதுமே ஒட்டிக்கொள்ளும் பெயர்கள். விளம்பரச் செலவு மிச்சம். ஆனால், அது ஒட்டிக்கொள்வதற்கான உழைப்பு வேறு யாருடையதோ. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

'அமெரிக்கா கம்பெனிக்காரன் எட்டயபுரம் ரோட்டுக்கு வந்தா கேஸ் போடப் போறான்?' என்று சிரிக்கத் தோன்றும். கொல்கத்தாக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். 2007 துர்கா பூஜைக்கு, சால்ட் லேக் பகுதியில் ஒரு பூஜைக் கமிட்டி ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் பள்ளியைப்போலவே பிரமாண்டமாகப் பந்தல் போட்டது. எழுத்தாளர் ஜே.கே.ரவ்லிங் தரப்பும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனமும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டன. லாப நோக்கமில்லாத விழா என்பதால் அந்த ஆண்டு பந்தல் தப்பியது. இனிமேல் அனுமதி வாங்காமல் செய்யக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. பூஜைப் பந்தலுக்கே இந்த நிலை என்றால், ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக் காசு வாங்கும் பேண்டுக்கு 'லாப நோக்கமில்லை' என்ற சலுகைகூடக் கிடைக்காது.

அதே வார்னர் பிரதர்ஸ் மறு வருஷமே ஒரு வழக்கில் மூக்குடைபட்டது. 2008-ல் 'ஹரி புத்தர்' என்று ஓர் இந்திப் படம். பஞ்சாபியில் 'புத்தர்' என்றால் மகன். கௌதம புத்தருக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை. பெயர் எங்கள் ஹாரி பாட்டர் மாதிரியே ஒலிக்கிறது என்று நிறுவனம் தடை கேட்டது. ஹாரி பாட்டர் படிக்கிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லி, டெல்லி உயர் நீதிமன்றம் தடை தர மறுத்துவிட்டது.

ஒரே கதாபாத்திரம், இரண்டு விதமான முடிவு. காரணம், இதில் இரண்டு தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன. காப்புரிமை எனப்படும் காப்பிரைட், படைப்பைக் காப்பது: கதை, பாட்டு, ஓவியம், படம். வெறும் பெயருக்கோ தலைப்புக்கோ பொதுவாகக் காப்பிரைட் கிடையாது. 'தேசி பாய்ஸ்' என்ற இந்திப் படத்தின் தலைப்பு தொடர்பான வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. டிரேட்மார்க் எனப்படும் வணிகக் குறி அப்படியல்ல. அது காப்பதே பெயரையும் லோகோவையும்தான். 'இது அவங்க சரக்கு' என்று நம்பி வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்பதே அதன் அடிப்படை.

இதைக் கோவில்பட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தீப்பெட்டி விற்பதே லேபிளை வைத்துத்தான். கடலைமிட்டாய்க்கு 2014-ல் விண்ணப்பித்து, 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. அந்தக் குறியீடு தனி ஒருவருக்குச் சொந்தமில்லை. இந்த வட்டாரத்தில் முறைப்படி செய்கிற உற்பத்தியாளர்கள் அனைவருக்குமானது. டிரேட்மார்க் மட்டும் பதிவு செய்தவருக்கே தனிச் சொத்து.

ஆக, பெயர் மட்டும் வைத்தால் ஒரு கேள்வி. பேனரில் அந்தக் கதாபாத்திரத்தின் படத்தையும் போட்டால் இரண்டு கேள்வி. நடைமுறையில் பலரும் தடுக்கி விழுவது இரண்டாவதில்தான். ஃபிளக்ஸ் கடையில் இணையத்திலிருந்து ஒரு படத்தை இறக்கி, பக்கத்தில் பேண்ட் பெயரை ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் படம் யாரோ வரைந்தது அல்லது எடுத்தது. அதற்குக் காப்பிரைட் உண்டு.

வந்தியத்தேவனையே எடுத்துக்கொள்வோம். கல்கியின் நூல்களைத் தமிழக அரசு 1999-ல் நாட்டுடைமை ஆக்கியது. அவர் மறைந்தது 1954. எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் என்ற காப்பிரைட் கணக்கும் முடிந்துவிட்டது. எனவே நாவலின் வந்தியத்தேவன் எல்லோருக்கும் சொந்தம். ஆனால், 2022-ல் வந்த 'பொன்னியின் செல்வன்' படத்தில் கார்த்தி வரும் தோற்றமும் போஸ்டரும் அப்படியல்ல. குதிரை வீரன் படம் வேண்டுமென்றால் உள்ளூர் ஓவியர் ஒருவரிடம் புதிதாக வரையச் சொல்வது நல்லது. எழுதி வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

ராமாயண, மகாபாரதப் பெயர்கள் என்றால் கவலை குறைவு. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைத் தனக்கு மட்டும் கேட்டவருக்கு, புனித நூலின் பெயரை ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் பெயரை நீங்கள் வைத்தால், நாளைக்கு இன்னொரு குழு அதையே வைப்பதை உங்களாலும் தடுக்க முடியாது.

சினிமா கதாபாத்திரம்தான் உண்மையிலேயே சூடு. 'ஷோலே'யைத் திரும்ப எடுத்த ராம்கோபால் வர்மா தரப்புக்கு, கப்பர் சிங் உள்ளிட்ட கதாபாத்திரங்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக டெல்லி உயர் நீதிமன்றம் 2015-ல் 10 லட்சம் ரூபாய் விதித்தது. கதாபாத்திரத்தை விட்டுவிட்டு நடிகரின் பெயரையே வைத்தால் அது வேறு வம்பு. 'மே ஹூன் ரஜினிகாந்த்' படத்துக்கு எதிராக ரஜினி தொடுத்த வழக்கில், அவர் பெயர், உருவம், பேச்சுப் பாணி எதையும் பயன்படுத்தக் கூடாது என்று அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

சரி, பேண்டுக்கும் கதாபாத்திரத்துக்கும் நேரடியாகவே மோதல் வந்ததுண்டா? உண்டு. கனடாவின் வின்னிபெக் நகரில் 1990-லிருந்து 'விர்ட் சிஸ்டர்ஸ்' என்றொரு நாட்டுப்புற இசைக்குழு. ஹாரி பாட்டர் கதையிலும் ஏறக்குறைய அதே உச்சரிப்பில் ஒரு கற்பனை பேண்ட் வரும். நான்காம் பாகம் 2005-ல் படமானபோது, 'உலகம் முழுக்கப் படம் ஓடினால், எங்களைத்தான் காப்பி அடித்தவர்கள் என்பார்கள்' என்பது கனடாக்காரர்களின் பயம். 4 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். படத்துக்குத் தடை கிடைக்கவில்லை. எதிர்த்தரப்பின் செலவுக்காக 1,40,000 டாலர் கட்டச் சொல்லி உத்தரவு வேறு. இத்தனைக்கும் படத்தில் அந்த பேண்டின் பெயரை யாரும் உச்சரிக்கவே இல்லை. பெயரில் மூத்தவர்கள் என்பது மட்டும் போதவில்லை.

அமெரிக்காவில் இரண்டு சகோதரர்கள் 2002-ல் தொடங்கிய பேண்டின் பெயர் 'ஹாரி அண்ட் தி பாட்டர்ஸ்'. பெயரிலேயே கதாபாத்திரம், பாட்டும் அந்தக் கதைதான். நூலகங்களில் போய்ப் பாடுவார்கள். வார்னர் பிரதர்ஸ் கவனத்துக்கு இது போனதும் பேச்சுவார்த்தை நடந்தது. பாட்டை இணையத்தில் விற்கலாம், டி-ஷர்ட் போன்ற பொருள்களைக் கச்சேரி நடக்கும் இடத்தில் மட்டும் விற்கலாம் என்று உடன்பாடு. அந்த பேண்ட் பிழைத்துக்கொண்டது. எல்லா நிறுவனமும் இவ்வளவு தாராளமாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

நம் ஊர்க் குழு என்ன செய்யலாம்? மத்திய அரசின் டிரேட்மார்க் இணையதளத்தில் எந்தப் பெயர் பதிவாகியிருக்கிறது என்று இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கச்சேரி 41-வது வகுப்பு, டி-ஷர்ட் 25, தீப்பெட்டி 34. ஒரு பெயர் தீப்பெட்டிக்குப் பதிவாகியிருந்தால் பேண்டுக்கு அது கிடையாது என்று அர்த்தமில்லை. ஆனால், ஊரறிந்த பிராண்டுகள் மற்ற வகுப்புகளிலும் தடுக்க முடியும். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க, ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. நோட்டீஸ், அட்வான்ஸ் ரசீது, பழைய ஃபிளக்ஸ் போட்டோ எதையும் தூக்கிப்போடாதீர்கள். எப்போதிலிருந்து இந்தப் பெயரில் வாசிக்கிறீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. இனிட் பிளைட்டனின் 'நாடி' கதாபாத்திரப் பெயரில் குழந்தைகள் உடை விற்ற இந்திய நிறுவனம் ஒன்று, 1995 முதல் விற்பதைக் காட்டியே 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வெளிநாட்டு நிறுவனத்தை வென்றது.

நீதிமன்றம் வரை போகாமலும் அடி விழலாம். யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் உரிமைதாரர் புகார் கொடுத்தால், வீடியோவோ பக்கமோ நீக்கப்படலாம். புக்கிங்கே போனில் வருகிற காலத்தில், சீசன் நடுவில் பக்கம் போனால் வருமானமும் போகும்.

இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. விண்ணப்பம் யார் பெயரில்? அட்வான்ஸ் வாங்குகிறவர் பெயரிலா, பெயரைச் சொன்ன டிரம்மர் பெயரிலா? குழு உடையும்போதுதான் இது வெடிக்கும். கேரளத்தில் 'போபனும் மோளியும்' கார்ட்டூன் இப்படித்தான் வழக்கானது. வரைந்த டாம்ஸ் 1987-ல் மலையாள மனோரமாவை விட்டு விலகியபோது, கதாபாத்திரங்கள் தங்களுக்கே என்றது நிறுவனம். வேலைக்குச் சேரும் முன்பே டாம்ஸ் உருவாக்கியவை அவை என்பதைக் கேரள உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு போபனையும் மோளியையும் அவர் சொந்தமாகவே புத்தகம் போட்டு விற்றார்.