பனியறிந்து பூசும் மெழுகு

சுவீடனில் 1922-ஆம் ஆண்டு தொடங்கிய வாசலோப்பெட் பனிச்சறுக்குப் போட்டியின் தொலைவு 90 கிலோமீட்டர். மரபுமுறையில் செல்வோரின் சறுக்குக்கட்டை, உந்தும்போது பனியைப் பற்றவும் மறுகணமே வழுக்கவும் வேண்டும். முரண்பட்ட இவ்விரு பணிகளுக்கும் மெழுகே துணை.

கட்டையின் நடுப்பகுதி வில்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும். அங்குப் பிடிப்பு மெழுகும், முனைகளில் வழுக்கு மெழுகும் பூசப்படுகின்றன. காலை ஊன்றி உந்துகையில் நடுப்பகுதி தாழ்ந்து, பனித்துகள்கள் மெழுகில் பதிகின்றன. எடை குறைந்ததும் அது உயர, கட்டை வழுக்குகிறது.

கடுங்குளிரில் புதுப்பனியின் துகள்கள் கூர்மையானவை. மென்மெழுகில் அவை புதைந்து கட்டையைத் தடுக்கும். எனவே கடினமெழுகு தேவை. பனியின் வெப்பநிலையைத் தவறாகக் கணித்தவர், வலிமை மிக்கவராயினும் வழியில் இடர்ப்படுவார்.

ஃபுளோரின் கலந்த மெழுகு மிகுவிரைவு தந்தது. ஆயினும் அதன் வேதிப்பொருள்கள் சிதையாது மண்ணிலும் நீரிலும் தங்குபவை. ஆதலால், பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 போட்டிப்பருவம் முதல் அதனைத் தடைசெய்தது.